மணி கேட்டவள்

பெண் ஐந்தாவது வரை படித்தவள் என்று சொல்லித்தான் எனக்குக் கட்டி வைத்தார்கள். நான் ஏழாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன். மாப்பிள்ளை ஏழு, பெண் ஐந்து. பொருத்தம் சரியாக இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணின் நிறத்தையும் நகையையும் சமையலையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். படிப்பை மட்டும் குறைத்துச் சொல்வார்கள். தன்னைவிட ஒரு வகுப்பு கூடப் படித்த பெண்ணை எவனும் கட்ட மாட்டான். இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அதற்குள் புனலூர்ப் பக்கம் மரம் வெட்டும் கூப்பில் இருந்திருக்கிறேன். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மூன்று வருஷம் இலை எடுத்து, பிறகு அடுப்படியில் நின்றேன். அங்கே காய்ச்சலில் விழுந்து, தலைமயிர் கொட்டி, கப்பலேறித் திரும்பி வந்தேன். மிச்சம் வந்தது ஒரு பாக்கெட் கடிகாரமும் கொஞ்சம் கடைத்தெரு இங்கிலீஷும்தான். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அர்த்தம் பாதி வரும், பாதி வராது.

கல்யாணம் ஆனதும் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் காவலும் சமையலும் கிடைத்தது. சாரல் காலத்தில் வக்கீல்களும் மிராசுதார்களும் குடும்பத்தோடு வந்து தங்குகிற வாடகைப் பங்களா. ஆனி பிறந்தால் கூட்டம், ஆவணி முடிந்தால் வௌவால். நான் சமைப்பேன். அவள் அறைகளைத் துடைத்து, படுக்கை விரித்து, ஈரத்தில் பூசணம் பிடித்த சாமான்களைக் கொஞ்சம் வெளிச்சம் கண்ட நேரத்தில் வெளியே எடுத்து வைப்பாள். பின்கட்டில் எங்களுக்கு ஒரு அறை. மழை நாளில் கதவுக்கடியில் அட்டை நுழைந்து வரும். அதற்காகச் சுண்ணாம்பு டப்பாவைத் தலைமாட்டிலேயே வைத்திருப்போம். இரண்டு வருஷம் எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை. சாரல் விழுகிற நாட்களில் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் ஐந்தருவி ரோட்டில் நனைந்துகொண்டே நடந்துவிட்டு வருவோம். குடை இருந்தும் எடுத்துக்கொண்டு போனதில்லை.

பங்களாவின் கூடத்தில் ஒரு அலமாரி நிறைய, வந்து தங்கியவர்கள் விட்டுப்போன புத்தகங்கள். பெரும்பாலும் இங்கிலீஷ். கரையான் தின்றது போக மீதி. ஒரு அறை முழுவதையும் துடைக்கிற நேரம் அந்த அலமாரி ஒன்றைத் துடைக்க அவளுக்கு ஆகும். இதை நான் கவனித்தேன். கவனிப்பது என் தொழிலாக இருந்திருக்கிறது. கொழும்புக் கடையில் எவன் டம்ளரை மடியில் மறைக்கிறான் என்று பார்ப்பதற்கே என்னை வாசலோரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். அப்போது திறந்த கண் அப்புறம் மூடவில்லை.

மூன்றாம் வருஷம் திருநெல்வேலி வக்கீல் ஒருவரின் குடும்பம் வந்து தங்கியது. அவருடைய தங்கை மகன் ஒருவன் கூட வந்திருந்தான். காலேஜில் படிக்கிறவன். நெஞ்சுச் சளி என்று வராந்தாவில் நாற்காலி போட்டு, கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு நாள் முழுதும் உட்கார்ந்திருப்பான். என் மனைவி வெந்நீர் கொண்டுபோய் வைத்தால் அவளைப் பார்த்து ‘தேங்க்ஸ்’ என்பான். வெந்நீர் வைத்ததற்கு எவனாவது தேங்க்ஸ் சொல்வானா?

அந்த மாதத்தில் ஒரு நாள் அவளுடைய வலது கை விரல்களில் கருநீலமாக ஏதோ ஒட்டியிருந்தது.

“என்னது அது?”

“நாவப்பழம்” என்றாள்.

அன்று சாயங்காலமே பங்களாவுக்குப் பின்னால் நிற்கிற நாவல் மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். அந்த வருஷம் மழை முந்திக்கொண்டதால் காய்கள் இன்னும் பச்சை மாறவில்லை. அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆடி முடிந்து வக்கீல் குடும்பம் ஊருக்குப் போனது. அடுத்த வாரம் அவள் அருவிக்கரையில் துணி துவைக்கப் போயிருந்தபோது, உலர்ந்த துண்டு தேடி அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். முகூர்த்தச் சேலைக்கடியில் நாலாக மடித்த ஒரு காகிதம். முழுக்க இங்கிலீஷ். கொஞ்சமும் அடித்தல் திருத்தல் இல்லாத சாய்வான கையெழுத்து. ஜி, ஒய் எழுத்துகளின் வால்கள் தூண்டில் முள் மாதிரி இடப்பக்கம் வளைந்து மேலே ஏறியிருந்தன.

எழுத்துக் கூட்டி வாசித்தேன். பாலம், தண்ணீர், மணி, அவள், நான். இவை புரிந்தன. கடைசிப் பகுதியில் ‘லவ்’ என்ற சொல் ஒரே ஒரு முறை வந்தது. எனக்கு அது போதும்.

ஐந்தாவது படித்தவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரியாத காகிதத்தை முகூர்த்தச் சேலைக்கடியில் வைப்பானேன்? கொடுத்தவன் வாயாலும் சொல்லியிருக்கிறான். அப்படித்தான் நான் முடிவு கட்டினேன்.

காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லி, காகிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தென்காசிக்கு நடந்தேன். கோர்ட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில், தகரப்பெட்டியை மேஜையாக வைத்துக்கொண்டு மனு எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதுவார். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து அதற்குப் பதிலாக நூல் கட்டியிருக்கும். அவரிடம் நீட்டினேன்.

“யாருக்குலே வந்தது?”

“கூட்டாளி ஒருத்தனுக்கு, அண்ணாச்சி.”

“கூட்டாளிக்கு வந்தத நீ ஏம்லே நெஞ்சோட ஒட்டி வச்சு வேர்வையில நனைச்சிருக்க?”

அவர் மூன்று தடவை வாசித்தார். வாசிக்கிறபோது உதடு மட்டும் அசைந்தது.

“இது லெட்டர் இல்ல. பாட்டு. வரி வரியா மடக்கியிருக்கான் பாரு.”

“பாட்டுன்னா என்ன சொல்லியிருக்கு அண்ணாச்சி?”

“பாட்டு எனக்குப் பழக்கமில்ல. ஆனா எந்தக் காயிதமா இருந்தா என்ன? வாதி யாரு, பிரதிவாதி யாரு, வியாஜ்ய மூலம், அதான் வழக்குக்குக் காரணம், எங்கன எப்ப உண்டாச்சு? இந்த மூணையும் பிடிச்சிட்டா மிச்சம் தானா வந்து விழும்.” பென்சிலை எடுத்துக்கொண்டார். “வாதி, ‘நான்’னு சொல்லுதவன். பிரதிவாதி, ‘அவள்’. ரெண்டு பேருக்கும் பேரு போடல. அதுவே ஒரு மாதிரியா இருக்கு, என்ன?”

“ஆமா.”

“ஸ்தலம், ஒரு மரப்பாலம். கீழ தண்ணி ஓடுது. சரி. காலம்?” காகிதத்தைத் தட்டினார். “வெயிலே இல்லங்கான். மேகம் பாலத்து மேல எறங்கியிருக்குங்கான். மரத்துல இருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்காம். காத்து குளிருதாம். இது எந்த மாசம்? நீயே சொல்லு.”

“ஆனி, ஆடி.”

“சாரல்! இதுல என்ன சந்தேகம்? வெயில் இல்லாத நாளப் பத்தி ஒருத்தன் பாட்டு எழுதுதான்னா சந்தோசத்துலதான எழுதுவான்? வெயில் கொளுத்தியிருந்தா பேனாவத் தொடுவானா?”

எனக்கும் அது சரியென்றே பட்டது. மலையிலிருந்து மேகம் இறங்கி, பூந்தூறல் முகத்தில் விழுந்தால், எங்கள் ஊரில் அறுபது வயதுக்காரன்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாட ஆரம்பித்துவிடுவான். எங்களுக்குத் துக்கமெல்லாம் வெயில்தான்.

“பெறகு என்ன அண்ணாச்சி?”

“அவ ஒண்ணும் பேசல. தண்ணியவே பாத்துக்கிட்டு நிக்கா. கடைசியா ‘மணி என்ன’ன்னு கேக்கா. இவன் சொல்லுதான்.” கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “பொம்பள எதுக்குலே மணி கேப்பா?”

“எதுக்கு?”

“வீட்டுக்குத் தெரியாம வந்தவதான் மணி கேப்பா. எங்கூட்டுக்காரி முப்பது வருசத்துல எங்கிட்ட ஒரு நா மணி கேட்டதில்ல.” பிறகு காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “இன்னொரு விசயம் பாத்தியா? பாட்டக் கட்டுக் கட்டாப் பிரிச்சு, கட்டுக்கு நாலு வரியா எழுதிட்டு வாரான். மூணாவது கட்டுல மட்டும் மூணுதான் இருக்கு. மணி சொன்ன பெறகு வர வேண்டிய வரியக் காணல. வேணும்னே உருவியிருக்கான். பேரு அதுலதான் இருந்திருக்கும்.”

“கடைசிக் கட்டுல?”

“வருசம் ரொம்ப ஆச்சாம். எந்த ஊருல எவன் வந்து மணி கேட்டாலும் அந்தப் பாலமும் தண்ணியும் கண்ணு முன்னால வந்துருதாம். மறக்க முடியலங்கான். நாள்பட்ட தொடுப்புலே இது.” காகிதத்தை மடித்துத் தந்தார். “ஒங் கூட்டாளிகிட்டச் சொல்லு. கையெழுத்து யாருதுன்னு பாக்கச் சொல்லு. கையெழுத்து கெடச்சா கேசு கெடச்ச மாதிரி.”

கத்தரிக்காயும் சேனையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரத்தைத் தாண்டும்போது மேகம் இறங்கி வந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாக எனக்குச் சாரல் பிடிக்காமல் போனது.

பங்களாவில் வந்து தங்குகிறவர்கள் பெயரும் ஊரும் எழுதுகிற நோட்டு ஒன்று உண்டு. அதில் காலேஜ் பையன் எழுதியிருந்ததை இதோடு வைத்துப் பார்த்தேன். சேரவில்லை. அவனுடைய எழுத்து கோழி கிண்டினது போல இருந்தது. சேரவில்லை என்றதும் நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. அவன் இல்லையென்றால் வேறொருவன் என்று தோன்றியது. மருந்துக்கடைச் சீட்டு, பங்களா ஏஜெண்டின் கடிதம், தபால்காரர் குறித்துவிட்டுப் போன துண்டு என்று கண்ணில் பட்ட இங்கிலீஷ் எழுத்தையெல்லாம் எடுத்து வந்து பார்த்தேன். எதிலும் தூண்டில் முள் இல்லை. அவள் எழுதி நான் கண்டது சலவைத் துணிக் குறிப்பு மட்டும்தான். அது தமிழ்.

ஒரு நாள் காகிதத்தை அவள் முன்னால் போட்டேன்.

“யாரு குடுத்தா இத?”

அவள் குனிந்து எடுத்துப் பார்த்தாள். முதலில் சொன்னது, “ஏன் இத நனைச்சீங்க?” என்பதுதான்.

“யாரு குடுத்தான்னு கேக்கேன்.”

“யாரும் குடுக்கல. என்னோடது.”

“ஒன்னோடதா? ஒனக்கு இத வாசிக்கத் தெரியுமா?”

வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

“தெரியாதுல்லா? அப்ப வாசிச்சுச் சொன்னவன் யாரு?”

நான் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அடிக்கவில்லை என்று ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். காகிதத்தை அவள் கையிலிருந்து பிடுங்கி என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். சாட்சியம் என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பு.

அதன் பிறகு ஒரு மாதம் அவளைக் காவல் காத்தேன். பங்களாவைக் காத்ததைவிட அதிகமாகக் காத்தேன். சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வருவேன். துவைக்கப் போனால் பாறைக்குப் பின்னால் நிற்பேன். அவளுக்கு இதெல்லாம் தெரிந்தது. அவள் செய்த ஒரே மாறுதல், அலமாரியைத் துடைப்பதை நிறுத்தியதுதான். அதையும் நான் அவளுக்கு எதிராகவே எடுத்துக்கொண்டேன்.

புரட்டாசி கடைசியில் ஒரு காலை, “நான் சுரண்டைக்குப் போறேன்” என்றாள். சுரண்டையில் அவளுடைய தாய் தகப்பன் வீடு. நான் தடுக்கவில்லை. டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். தென்காசி ரோட்டில் சிற்றாற்றுப் பாலத்தருகே கை காட்டினால் பஸ் நிற்கும்.

பருவம் முடிந்த பிறகும் அன்று மேகம் போட்டிருந்தது. ரோட்டோரத்து மருத மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் பெட்டியை வைத்துவிட்டு நான் ஒரு பக்கம் நின்றேன். அவள் மறு பக்கம் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசுவதற்கு நிறைய நேரம் இருந்தது. ஒருவரும் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“மணி என்ன?”

கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். “ஒம்பதே கால்.”

தலையை ஆட்டினாள். பஸ் வந்தது. பெட்டியை மேலே ஏற்றிவிட்டேன். அவ்வளவுதான்.

பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் மனு எழுதுகிறவரின் குரல் எனக்குக் கேட்டது. பொம்பள எதுக்குலே மணி கேப்பா? சுரண்டையில் யார் காத்திருக்கிறான்? எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறான்? பாலத்தில் நின்றபடியே அதுவரை எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. சந்தேகம் தீர்ந்தது என்றால், நிச்சயமாகிவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் பக்கத்தில் கோபித்துக்கொண்டு போனவளைப் புருஷன்தான் போய்க் கூட்டி வர வேண்டும். தானாகத் திரும்பி வந்தவளுக்குப் பிறகு அந்த வீட்டில் வாய் கிடையாது. தீபாவளிக்கு முன்னால் அவளுடைய அண்ணன் ஆள் அனுப்பினார். “தங்கச்சி இளைச்சுப் போயிட்டா. மாப்பிள்ளை ஒரு நடை வந்து கூட்டிட்டுப் போகட்டும்” என்று சொல்லி விட்டிருந்தார். வந்த ஆளிடம் நான் கேட்டேன்: “எத்தன மணிக்கு வரணுமாம்? அவளத்தான் கேட்டுச் சொல்லணும்.”

அந்த ஆள் அதை அப்படியே கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறான். பிறகு அங்கிருந்து யாரும் வரவில்லை.

நான் பங்களா வேலையை விட்டேன். கொல்லத்தில் ஓட்டுச் சூளை, பீர்மேட்டில் தேயிலை, திரும்பவும் கொல்லம். ஓரிடத்திலும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கவில்லை. யுத்தம் வந்தது. ரோடு போடவும் பாலம் கட்டவும் கூலிப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். சாப்பாடும் பூட்ஸும் உண்டு என்றார்கள். சேர்ந்தேன். எங்கெங்கோ கொண்டுபோய் விட்டு, கடைசியில் இத்தாலியில் இறக்கினார்கள்.

அங்கே முதல் குளிர்காலத்தில் நான் கண்டதைச் சொன்னால் ஊரில் இன்றைக்கும் நம்ப மாட்டார்கள். மலையடிவாரம் முழுக்க மரங்கள் செத்து நின்றன. ஒரு இலை இல்லை. என் கூடத் தென்காசிப் பக்கத்து வடகரைக்காரர் ஒருவர் இருந்தார். நெல்லும் தென்னையும் தவிர வேறெதையும் மதிக்காத ஆள். “என்னமோ நோவு விழுந்திருக்குலே. தீ வச்சுத்தான் அழிக்கணும்” என்றார். பங்குனி வாக்கில் அதே மரங்கள் துளிர்த்தபோது அவர் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

அந்த மரங்கள் செத்து நின்ற நாட்களில் ஒரு காலை. வெடியில் உடைந்த மரப்பாலம் ஒன்றைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தோம். வெயில் இல்லை. மூடுபனி பாலத்தின் மேலேயே படுத்திருந்தது. கறுத்த கிளைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கை விரல்கள் மரத்துப்போய்ச் சுத்தியலைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

“மேகம் போட்ட ஊருன்னு சொன்னாங்களே, குத்தாலம் மாதிரி இருக்கும்னுல்லா நெனச்சேன்” என்றார் வடகரைக்காரர். “இது எழவு விழுந்த வீடு மாதிரில்லா இருக்கு.”

நான் வேலை செய்துகொண்டே அவரிடம் என் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாவல்பழம், காலேஜ் பையன், காகிதம். அவருக்கு அதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். சொல்லச் சொல்ல எனக்கு ஏதாவது புதிதாக ஒரு துப்பு கிடைக்கும். அன்று பாதியில் அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“மணி என்னலே ஆச்சு?”

கடிகாரத்தை எடுத்துச் சொன்னேன். “ஒம்பதே முக்கால்.”

சொல்லிவிட்டு, எடுத்த கடிகாரத்தைத் திரும்பப் பைக்குள் வைக்காமல் நின்றேன். இந்த மனுஷன் எங்கேயும் போக வேண்டியவர் இல்லை. எவரும் இவருக்காகக் காத்திருக்கவில்லை. என் பேச்சு அவருக்குப் போதும் என்று ஆகிவிட்டது. வாயை மூடு என்று சொல்ல மனம் வராமல் மணி கேட்டிருக்கிறார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காகிதத்தை எடுத்தேன். மெழுகுத்துணியில் சுற்றி அத்தனை வருஷமும் வைத்திருந்தேன். சொற்கள் பழையவைதான். ‘வெயில் இல்லை’ என்றால் அது சாரல் இல்லை; நான் நிற்கிற இந்த இடம்தான். சொட்டுகிற மரம் இந்தச் செத்த மரம்தான். அந்தப் பாட்டைப் பாடியவன் இந்த மாதிரி ஒரு குளிரில் பாலத்தில் நின்றிருக்கிறான். பக்கத்தில் நின்றவளுக்கு அவனிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. வைவதற்குக்கூட இல்லை. அதனால் மணி கேட்டாள். வழியில் போகிற எவனிடமும் கேட்கிற கேள்வி அது. பிறகு ஊர் ஊராக எவன் மணி கேட்டாலும் அவனுக்கு அது திரும்பத் திரும்ப நடக்கிறது. இது சந்தோஷப் பாட்டே இல்லை. மனு எழுதுகிறவரும் நானும் சேர்ந்து ஒரு சாவுச் செய்தியைக் கல்யாணப் பத்திரிகையாக வாசித்திருக்கிறோம்.

அப்படியென்றால் இதை ஒருவன் ஒரு பெண்ணுக்கு ஆசை காட்டக் கொடுத்திருக்க முடியாது. இதை யார் எழுதினார்கள் என்பது அப்போதும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் சிற்றாற்றுப் பாலத்தில் அவள் ஏன் மணி கேட்டாள் என்பது தெரிந்துவிட்டது, அல்லது தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

அந்தக் கடிகாரத்தை அதே குளிர்காலத்தில் ஒரு கம்பளிக்குக் கொடுத்துவிட்டேன்.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பி, முதல் வேலையாகச் சுரண்டைக்குப் போனேன். அவளுடைய அண்ணன் என்னை உள்ளே கூப்பிடவில்லை. “கீழப்பாவூர்ல டீச்சரா இருக்கா. பாக்கணும்னா அங்கன போய்ப் பாரும்” என்றார். ஐந்தாவது படித்தவள் எப்படி டீச்சரானாள் என்று கேட்டேன். அவர் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கீழப்பாவூர் பள்ளிக்கூடத்தை அடைந்தபோது பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். கடைசி அறையில் கதவு திறந்திருந்தது. வாசலில் நின்றவன் முதலில் அவளைப் பார்க்கவில்லை, கரும்பலகையைத்தான் பார்த்தேன். அதில் நாலைந்து இங்கிலீஷ் வாக்கியங்கள். சாய்வான எழுத்து. ஒவ்வொரு ஜி-யின் வாலும், ஒவ்வொரு ஒய்-யின் வாலும் தூண்டில் முள் மாதிரி இடப்பக்கம் வளைந்து மேலே ஏறியிருந்தது.

“வாங்க” என்றாள். பிள்ளையைச் சேர்க்க வந்தவரிடம் சொல்கிற ‘வாங்க’. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். முன்மயிர் கொஞ்சம் நரைத்திருந்தது.

“இது ஒங் கையெழுத்தா?”

“பின்ன யாருது? நாந்தான இங்கன டீச்சர்.”

மெழுகுத்துணியை அவிழ்த்துக் காகிதத்தை மேஜைமேல் வைத்தேன். மடிப்புகளில் கிழிந்து நாலு துண்டாகியிருந்தது. அவள் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

“எட்டாவது பாஸ் பண்ணியிருந்தேன்” என்றாள். “அஞ்சுன்னு சொல்லிக் கட்டிக் குடுத்தாங்க. எக்காரணத்துக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கிட்டாங்க. பங்களாவுல அந்தப் புஸ்தகங்களப் பாத்ததும் கை நிக்கல. அதுல ஒண்ணப் பாத்து எழுதுனேன்.”

“அப்ப நாவப்பழம்?”

“மைதான். அது இன்னுமா ஞாபகம் வச்சிருக்கீங்க?”

“நான் கேட்டப்பயே சொல்லியிருக்கலாம்லா?”

“நீங்க யாரு குடுத்தான்னுல்லா கேட்டீங்க? என்னது இதுன்னு ஒரு தடவ கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். சத்தியமாவது ஒண்ணாவது. சொல்லணும்னு எனக்கு அவ்வளவு ஆசையா இருந்துச்சு.”

“எத்தனையோ பாட்டு இருக்கும். இத எதுக்கு எழுதி வச்ச?”

“புரியலன்னுதான். மேகம் போட்டு மரம் சொட்டுத நாள இவன் எதுக்கு இப்படி வெறுத்து எழுதுதான்னு தெரியல. நமக்கு அப்படிப்பட்ட நாளுன்னா எப்படி இருக்கும்! எழுதி வச்சுக்கிட்டா என்னைக்காவது புரியும்னு நெனச்சேன்.”

“புரிஞ்சதா?”

“பாலத்துல நின்னோம்லா. அன்னைக்கு.”

இத்தனை வருஷம் சுமந்து வந்த கேள்வியைக் கேட்டேன். “அதனாலதான் மணி கேட்டியா?”

“பஸ்ஸுக்கு நேரமாச்சான்னு கேட்டேன்” என்றாள்.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளர் திருடனைக் கண்ணைப் பார்த்தே பிடித்தவன் நான். அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“மூணாவது கட்டுல ஒரு வரி இல்ல.”

“எழுதிக்கிட்டிருக்கும்போது நீங்க கூப்பிட்டீங்க. வராந்தாவுக்கு வெந்நி கொண்டு போகச் சொல்லி. திரும்பி வந்து அடுத்த கட்டத் தொடங்கிட்டேன்.”

“என்ன வரி அது?”

“ஞாபகமில்ல. அந்தப் புஸ்தகத்தையும் கரையான் தின்னுட்டு.”

காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

“ஒன்னக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்” என்றேன்.

அவள் எழுந்து துணியை எடுத்துக் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள். பாதி துடைத்த பிறகு, “எங்க?” என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குச் சொல்ல ஓர் இடம் இல்லை. குற்றாலத்தில் ஏதாவது பங்களாவில் கேட்டுப் பார்க்கலாம் என்றேன்.

“அலமாரியத் தொடச்சுக்கிட்டு நீங்க பாக்கப் பாக்க இருக்கணும். என்ன?”

அவள் மிச்சத்தையும் துடைத்து முடித்தாள். தூண்டில் முள்ளெல்லாம் போய், பலகை கறுப்பாக நின்றது. நாலு துண்டுக் காகிதத்தையும் அடுக்கி மேஜை டிராயரில் போட்டு மூடினாள். “இது எங்கிட்டயே இருக்கட்டும்.” பிறகு சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். நான் மணி கேட்கவில்லை.

“தென்காசி பஸ் நாலரைக்கு வரும்” என்றாள்.

போய் நின்றேன். நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லாத இடம். நல்ல வெயில். பஸ் ஐந்து மணிக்குத்தான் வந்தது. நாலரை என்று அவள் தெரியாமல் சொன்னாளா, தெரிந்தே சொன்னாளா என்று பஸ் வரும்வரை அந்த வெயிலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.